தாழ்ந்த ஒரு சதவீதம்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரிப் புகை படிக்கட்டு வரை இறங்கிவிட்டது.
உலான்பாத்தரில், இருபது இருக்கைகள் கொண்ட
நிலவறை விளையாட்டுக் கடையில்,
மூடியில்லாத கணினியின் முன்
கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இடப்பக்கம் புதிய கார்டு.
மேல்தாள் இன்னும் உரிக்கவில்லை.
எட்டு ஜிபி. நூற்றெழுபது வாட்.
பதினான்கு லட்சம் துக்ரிக், ஓராண்டு உத்தரவாதம்,
பெட்டியில் வாய் பிளந்த ஒரு டிராகன்.

வலப்பக்கம் பழையது.
எரென்ஹோத்துக்கு அந்தப் பக்கம்
நாணயம் தோண்டிய ஏதோ ஒரு கொட்டகை
இழுத்து மூடியபோது மூட்டையில் வந்தது.
பன்னிரண்டு ஜிபி. இருநூற்றறுபது வாட்.
மூன்று விசிறிகளில் ஒன்றுக்கு இளைப்பு.
திருகைக் கழற்றினேன்: வெப்பப் பசை
காய்ந்த தயிர்க்கட்டி போல உதிர்ந்தது.
துடைத்துப் புதிதாகப் பூசினேன்.
எட்டு லட்சம். உத்தரவாதம், என் வாய்ச்சொல்.

தாளில் பார்த்தால் புதியதுதான் ராஜா.
கடிகார வேகம் கூட, உள்ளே சில்லு ஒரு தலைமுறை இளையது.
நினைவகத்துக்குப் போகும் பாதை மட்டும்
நூற்றிருபத்தெட்டு பிட்;
பழையதற்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
அதை டிராகனின் வாலுக்குக் கீழே
பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கடைக்காரி ஓயுன்பிலெக் கேட்டது ஒரே ஓர் எண்.
"ஜன்னலில் எழுதணும். பெரிசாக இருக்கட்டும்."
கொடுத்தேன்.
புதியது நொடிக்கு நூற்றுப் பன்னிரண்டு சட்டகம்.
பழையது தொண்ணூற்றொன்று.
மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றிவிட்டாள்.

பொறுங்கள் என்றேன்.
சராசரி ரொம்ப நல்ல மனிதர்,
எல்லாக் குற்றத்தையும் மன்னித்துவிடுவார்.
ஆயிரம் சட்டகத்தில் மிக மெதுவான பத்தைப்
பிரித்து அவர் முன்னால் நிறுத்தினால்
வேறு பக்கம் பார்ப்பார்.
அந்தப் பத்தைத்தான் நான் எண்ணியிருந்தேன்.
புதியது முப்பத்திநான்கு.
பழையது எழுபத்தொன்று.

எட்டு ஜிபி நிரம்பி வழியும் நொடியில்
நகரத்தின் சுவரை, புல்லை, முகங்களை
வெளியிலிருந்து
ஒடுங்கிய வாசல் வழியே இழுத்துவர வேண்டும்.
அதுவரை திரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.
ஹுலானைக் கூப்பிட்டோம்.
மகப்பேறு மருத்துவமனையில் மாலைப் பணி;
நள்ளிரவில் இங்கே ஒரு மணி நேரம்
கார் ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.
எதில் எது என்று சொல்லவில்லை.
இரண்டிலும் அதே மலைப்பாதை, அதே மழை.

முதல் பெட்டியில் கூவினாள், வேகம், வேகம்!
ஒன்பதாவது வளைவில் வண்டி பள்ளத்தில்.
"என் தப்பில்லை," என்றாள்.
"இருட்டில் இறங்கும்போது
இல்லாத படியில் கால் வைத்த மாதிரி."
இரண்டாவதில் பேசவே இல்லை.
உப்புத் தேநீரில் ஏடு படிந்து
மணி மூன்றாகியும்
ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மார்க்கருக்கு மூடி திரும்ப ஏறியது.
ஆனால் ஓயுன்பிலெக் கணக்கில் கெட்டி.
"தொண்ணூறு வாட் கூடுதல். இருபது பெட்டி.
ஆயிரத்தெண்ணூறு. சாயங்காலம் ஏழானால்
பியூஸ் போகும். யார் பதில் சொல்வது,
நீயா, உன் தாழ்ந்த சதவீதமா?"

என்னிடம் பதில் இல்லை.
விசிறி இளைத்துக்கொண்டிருந்தது.
அதன் முதுகிலிருந்து வந்த காற்றில்
விரல்களை விரித்துச் சற்று நேரம் குளிர்காய்ந்தாள்.
பிறகு சுவரோரம் சிவந்திருந்த
மின்கணப்பின் பின்புறம் குனிந்து
ஒட்டியிருந்த தகட்டை வாய்விட்டுப் படித்தாள்:
இரண்டாயிரம் வாட்.

பிளக்கைப் பிடுங்கினாள்.

"பழையதில் இருபது."
"ஜூலையில்?"
"ஜூலையில் இந்த ஊரில் யார் கூரைக்குக் கீழே உட்கார்கிறார்கள்?"

ஜன்னலில் இப்போது எண் எதுவும் இல்லை.
'உள்ளே கதகதப்பு' என்று எழுதியிருக்கிறாள்,
உறைபனிக்கு மேலேயே.