அந்தப் பக்கத்துப் புள்ளி

முதல் புள்ளியை வைத்தது தெமிர்கானின் கையுறை
அவனில்லை
தோ-அஷு கணவாயில் சுரங்கம் தாண்டி
சூசாமிர் பக்கம் லாரியை நிறுத்தி
நிலக்கரி ரசீதைப் படமெடுத்து அனுப்பப் போனவன்
தடித்த கட்டைவிரல் பட்டு
நாற்பது ஓட்டுநர்கள் இருக்கும் குழுவுக்கு
ஒரு புள்ளி போய்விட்டது

என்னவென்று யாரும் கேட்கவில்லை
கால் மணி கழித்து குபாத்தும் ஒன்று வைத்தான்
கேலிக்கா சோம்பலுக்கா தெரியாது
பனி கொட்டிக்கொண்டிருந்தது
விரல் விறைத்த நேரத்தில்
அதைவிடச் சின்னச் சேதி எவனுக்கும் வாய்க்காது

கரா-பால்தாவில் டயர் கடை எனக்கு
கம்ப்ரசர் மேல் போனைச் சாய்த்து வைத்து
அந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்தேன்
ஒன்று என்றால் கடந்துவிட்டேன்
இரண்டு என்றால் சுரங்க வாயில் வழுக்குகிறது
மூன்று வைத்தால் போலீஸ் என்று
ஷைலோபெக் சொல்லிப் பார்த்தான், ஒட்டவில்லை
ஏதோ சொல்ல வந்து மறந்தவன் மாதிரி இருந்தது அது
போலீஸுக்கு இன்றுவரை பொரித்த முட்டைப் படம்தான்
ஏனென்று என்னைக் கேட்காதீர்கள்

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
நூர்தினின் புள்ளி வரவில்லை
பதினொன்று
பன்னிரண்டு
ஒன்றரை
முப்பத்தொன்பது பெயர்களுக்குக் கீழேயும்
ஆன்லைன் என்று எரிந்தது
இரண்டு பேர் வண்டியெடுத்து மேலே ஏறினார்கள்
அவன் சாப்பாட்டுக் கடை பெஞ்சில்
வயிறு முட்ட லக்மான் தின்றுவிட்டு
குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்

அடிக்கவில்லை
ஒரு வாரம் அவன் சலாமுக்கு
யாரும் பதில் போடவில்லை, அவ்வளவுதான்
அன்றைக்குத்தான் விளையாட்டு கடனானது
எவனும் எழுதி ஒட்டவில்லை, கை தூக்கவில்லை
சட்டம் என்று யாராவது சொல்லியிருந்தால்
நாங்களே மீறியிருப்போம்

பிறகு வாக்கியங்களை விட்டுப் புள்ளிகள் போயின
பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதி
பழக்கதோஷத்தில் கடைசியில் ஒன்று வைத்த புதியவனை
எட்டுப் பேர் ஒரே மூச்சில் ஏசினார்கள்
பிரேக் பிடிக்கலையா, வந்து சேர்ந்துட்டியா
ஒண்ணைச் சொல்லுடா

தாலாஸ் பேருந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்
ஓஷிலிருந்து வரும் பழ வண்டிகளும்
அப்புறம் மனைவிமாரின் தனிக் குழுவும்
பிரசவ வார்டிலிருந்து ஷார்கான்
ஒரே ஒரு புள்ளி அனுப்பினாள்
அவள் புருஷன் வண்டியை ஓரங்கட்டி அழுதான்

போன மாதம் தெமிர்கான் போனைத் தொலைத்தான்
புது எண்ணில் சேர்ந்து, கணவாய் தாண்டி
வந்துட்டேன் என்று எழுதினான்
இருபது வயது எலாமான் உடனே
அண்ணே, இங்கே அப்படி எழுதும் வழக்கமில்லை
ஒரு புள்ளி போதும்

என் கடையில் உட்கார்ந்து அதைக் காட்டினான்
சிரிப்பான் என்று பார்த்தேன்
கையுறையைக் கழற்றி
நிதானமாக ஒன்று வைத்தான்

அவன் மகள் பள்ளிக் கட்டுரையில்
முற்றுப்புள்ளியே வைப்பதில்லையாம்
ஆசிரியை பெகாயிம் சிவப்பு மையில்
பதினாலு வைத்துத் திருப்பித் தந்திருக்கிறாள்
நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கேட்டதாம் பிள்ளை
பதினாலு பேர் யாருப்பா
எல்லாரும் வந்துட்டாங்களா