டோபிக் கடைக்கு மேலே

கிளினிக்கில் டாக்டரம்மா
மருந்துச் சீட்டின் முதுகில் எழுதித் தந்தார்:
புதன், இரவு எட்டு.
ஊத்தான் மெலிந்தாங், டோபிக் கடைக்கு மேலே,
இரண்டாம் மாடி.
லோரியின் வெயில் மறைப்பில் செருகிவைத்தேன்,
ஆலையில் குலை நிறுத்த ரசீதுகளோடு.

முதல் புதன்
படி வரைக்கும் போனேன்.
"என்ன அர்ச்சுனா, இந்தப் பக்கம்?" என்றார்
பக்கத்து முடிவெட்டும் கடைக்காரர்.
முடி வெட்டிக்கொண்டு வந்தேன்.

பஸ் நிலையத்து வாய்க்காலில்
சட்டை பாதி கழன்று நான் கிடந்ததை
இந்த டவுனில் பார்க்காத ஆளில்லை.
அதற்கெல்லாம் கூசாத உடம்பு
மாடிப்படி ஏறுவதை
யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசியது.

இரண்டாம் புதன்
வீட்டிலிருந்து ஒரு போர்வையோடு போனேன்.
ஐந்து வெள்ளி போட்டு
இருபத்தெட்டு நிமிடம்
அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தலைக்கு மேல் நாற்காலி இழுபடும் சத்தம்.
பிறகு அமைதி.
பிறகு யாரோ சிரித்தார்கள்.
குடியை விட்டவர்களுக்குச்
சிரிக்க என்ன கிடக்கிறது என்று யோசித்தபடி
ஈரப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு
சம்சுக் கடைக்குப் போனேன்.

மூன்றாம் புதனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
அது வெள்ளிக்கிழமைதான் முடிந்தது.

நான்காம் புதன் மழை.
ஆலை வாசலில் முப்பது லோரி வரிசை.
செம்பனைக் கறை படிந்த கையைக்கூடக் கழுவாமல்
ஒரே மூச்சில் ஏறிவிட்டேன்.
மேலே கம்பிக்கதவு பூட்டியிருந்தது.

ஒரு நொடி, சத்தியமாய்ச் சொல்கிறேன், சந்தோஷம்.
போனேன், பூட்டியிருந்தது என்று
வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

"சாவி சன்னாசிகிட்ட இருக்கு. போன் எடுக்கல."

மொட்டைமாடிக்குப் போகும் படியில், இருட்டில்,
மைலோ பிளாஸ்க்கோடு ஓர் அம்மாள்.
அவருக்குக் கீழே
சீன நாளிதழை விரித்து அதன்மேல் ஒரு பெரியவர்.
போன் எடுக்காததற்கு என்ன அர்த்தம் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
மூவருக்கும் தெரிந்திருந்தது.

"உக்காருங்க. படியும் கூட்டந்தான்."

கீழே எந்திரங்கள் சுழல
சிமெண்டு லேசாய் அதிர்ந்தது.
"நான் பாக்கியவதி. குடிகாரி.
ஆயாக்கொட்டாயில பதினோரு வருஷம்.
பிள்ளைங்க பால் போத்தலுக்குப் பின்னால
என் போத்தல்."

என்மேல் கல்லாய் விழுந்து பழகிய சொல்லை
அந்த அம்மாள்
கைப்பையை இறக்கிவைப்பதுபோல்
பக்கத்தில் இறக்கிவைத்தார்.

பெரியவர் ஹோக், கடைவீதி மலாயில்,
தங்கை மகள் கல்யாண விருந்தைச் சொன்னார்.
மேசைக்கு மேசை கோப்பையைத் தூக்கச் சொன்னார்களாம்.
இவர் தேநீரைத் தூக்கினாராம்.
இருபத்திரண்டு மேசை.
விடிய விடியக் கழிவறைக்கே நடந்தாராம்.
பாக்கியவதி சிரித்தார்.
மாடியிலிருந்து அன்று கேட்ட அதே சிரிப்பு.
எனக்கும் வந்துவிட்டது.

என் முறை.
"அர்ச்சுனன்" என்றேன்.
அதற்குமேல் வரவில்லை.
"போதும்" என்று
பிளாஸ்க் மூடியில் மைலோ ஊற்றி நீட்டினார்.

பிறகு சன்னாசியைத் தேடிப் போனோம்.
தனியாகப் போகக்கூடாதாம் இந்த மாதிரி வீட்டுக்கு.
லோரியின் முன்பக்கத்தில் மூவருக்கும் இடமிருந்தது.
பழைய லயத்தின் கடைசி வீடு.
விளக்குப் போடவில்லை.
நாங்கள் யாரும் எதுவும் கேட்குமுன்
சன்னல் கம்பி வழியே ஒரு கை வந்தது,
சாவியோடு.
கிட்ட நின்றவன் நான்.

இப்போது அது லோரிச் சாவியோடு தொங்குகிறது.
புதன் ஏழரைக்குப் போய்த் திறக்கிறேன்.
சன்னாசி இரண்டு வாரம் வந்தார்.
போன வாரம் இல்லை.

இன்று ஏறும்போது பார்த்தேன்,
டோபிக் கடையில் ஒரு பையன்
கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.
அவ்வளவு பெரிய எந்திரத்துக்குள்
ஒரே ஒரு சட்டை சுற்றுகிறது.

பிளாஸ்டிக் நாற்காலிகள்தான், கனமில்லை.
தூக்கியே வைக்கலாம்.
இழுத்துப் போடுகிறேன்.