காலி வண்டி எடை

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில்
நான் காவலிருக்கும் எடைமேடை.
இரவு பதினொன்றுக்கு மேல் தேங்காய் லாரிகள்தான்.
நடுநடுவே வைக்கோல்,
எப்போதாவது
கயிறு இறுகி நிற்கிற எருமைகள்.

கொழிஞ்சாம்பாறை ஷெமீர் கடையில்
அரை விலைக்கு வாங்கின கடிகாரம்
மணிக்கட்டில் துடித்துக்கொண்டே கிடக்கிறது.
யாரோ கட்டிக் கழற்றியது.
எல்லாம் அழிச்சுத்தான் தந்தேன் என்றான்.
பொய்.

எழுந்து நில் என்கிறது.
நான் எழுந்தால் கல்லாவில் யார் உட்காருவது?
மூச்சை இழு, நாலு எண்ணி விடு என்கிறது,
எதிரில் டாரஸ் ஒன்று
கரும்புகை கக்கும் நேரமாய்ப் பார்த்து.
இந்த வளைவில் டவர் மாறும்.
நாற்காலியைவிட்டு நகராமலே
ஒரு ராத்திரியில் ஆறு தடவை
கேரளத்துக்குள் வரவேற்கப்படுகிறேன்.
ஆறு தடவையும் கை அதிர்கிறது.

இன்றைக்கு முக்கால் மணி நேரம் வண்டியே இல்லை.
விரலை வைத்து அழுத்தினேன்.
படங்கள் குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கின.
ஒவ்வொன்றின் மூலையிலும்
சின்னதாய் ஒரு பெருக்கல் குறி.

கோல்ஃப் முதலில் போனது.
பங்குச் சந்தை போனது.
ஓடுகிற நாய்க்குட்டி முகப்பு, ரோஜாப்பூ முகப்பு,
பாரிஸில் இப்போது மழையா என்பது.
தூக்கத்துக்கு மார்க் போடுகிறதை
கொஞ்சம் நேரம் முறைத்துவிட்டு அழித்தேன்.
பகலில் தூங்குகிறவளுக்கு
தினமும் பதினேழு போட்டுக்கொண்டிருந்தது.
பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார்கூட
இருபத்திரண்டு போட்டார்.

ஹாரன்.
ஜோஸுட்டி வண்டி, சக்கரம் நாலும் சேற்றோடு.
"கோகிலமணிச் சேச்சி, எத்ர?"
பதினாறாயிரத்து எண்ணூற்று நாற்பது.
சாயங்காலம் காலி எடை போட்டபோது
கிளீனர் பையன் கேபினில் இருந்தான்.
இப்போது இல்லை.
அறுபது கிலோ தேங்காய்
கணக்கில் ஏறாமல் எல்லை தாண்டப் பார்க்கிறது.
"பையன் எங்கே?" என்றேன்.
டீக்கடை இருட்டிலிருந்து
பன்னைக் கடித்தபடி வந்து ஏறினான்.
பதினாறாயிரத்துத் தொள்ளாயிரம்.
ஜோஸுட்டி சிரித்தான். நானும்.

"லோடு எந்த ஊருக்கு?"
பொன்னானி.
அப்போதுதான் ஞாபகம் வந்தது,
அழிக்காமல் மீதி நின்றதில் ஒன்று.
"பொன்னானியில் ரெண்டு பதினாலுக்குக்
கடல் ஏறுமாம்" என்றேன்.
"லாரிக்கு எந்து கடல், சேச்சி?"
கியரைப் போட்டுவிட்டான்.

முன்னே இதைக் கட்டியிருந்த ஆள்
படகு வைத்திருந்தாரா,
சும்மா கரையில் நின்று பார்ப்பாரா.
எனக்கு இரண்டுமில்லை.
அழுத்தினேன்.
நடுங்கியது,
போய்விட்டது.

கடைசியில் மிஞ்சியது நேரம்,
நாடித் துடிப்பு,
அடி எண்ணுகிற ஒரு பச்சை மனிதன்.
அவனுக்கு மட்டும் பெருக்கல் குறி முளைக்கவில்லை.
கம்பெனியே வைத்து அனுப்பினதாம், போகமாட்டானாம்.

இத்தனை இறக்கியிருக்கிறேன்,
எடை குறையாமலா இருக்கும்?
புத்தி அப்படிப் போகிற நேரம் அது.
மேடை நடுவில் கொண்டுபோய் வைத்தேன்,
ஐம்பது டன் தாங்குகிற இரும்பில்
ஒரு வண்டுபோல.
திரும்பி வந்து பட்டனைத் தட்டினேன்.
சுழி.
என் மேடை இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் ஒரு பொருளென்று ஒத்துக்கொள்ளாது.

தட்டின வேகத்தில் சீட்டும் அச்சாகி வந்துவிட்டது.
வண்டி எண் இல்லை, சரக்கு இல்லை,
வரிசை எண் மட்டும் கணீரென்று: 0417.
காலையில் முதலாளி கட்டை எண்ணுவார்,
இந்த நாற்பது ரூபாய் எங்கே என்பார்.

போய் எடுத்துக் கட்டிக்கொண்டேன்.
எண்பத்திரண்டு அடி, என்றான் பச்சை மனிதன்,
வாழ்த்துகள்.

பர்சைத் திறந்து
இரண்டு இருபதைக்
கல்லாவில் போட்டேன்.