கூட்டல் கழித்தல் மூன்று

கண்ணாடி கழுவுகிற வேலை எனக்கு.
முதலில் குழாய்த் தண்ணீர், அப்புறம் அமிலம்,
அப்புறம் வடிநீரில் மூன்று தரம்.
"ஒரு சொட்டு தங்கினாலும்
அது பொய் சொல்லும், ஞானமுத்து"
என்பார் டாக்டர் பச்சைவாழி.
பதினாலு வருஷம் அந்தப் பொய்யைக் கழுவினேன்.

உப்பனாற்றுப் பக்கத்துக் கிணறுகளை
எண்ணால்தான் தெரியும் அவருக்கு.
கி பதினேழு, செல்லாயி வீட்டுக் கொல்லை.
கி இருபத்திரண்டு, பள்ளிவாசலுக்குப் பின்னால்.
ஸ்கூட்டியில் அவர் முன்னால் போக
புட்டிகள் உரசும் சத்தத்தோடு
சைக்கிளில் நான்.

கட்டுரைகள் வந்தன, வழவழப்பான தாளில்.
ஜெர்மனியிலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம்.
அந்த வாரம்தான் செல்லாயி கேட்டாள்:
"அஞ்சாவது தடவையா மொண்டுட்டுப் போறீங்க.
குடிக்கலாமா கூடாதா?"
அவர் பதில் சொல்லத் தொடங்கினார்.
பருவம், ஆழம், மாதிரிகளின் எண்ணிக்கை...
வாக்கியம் முடிவதற்குள்
குடம் நிறைந்து, இடுப்பில் ஏறி
வீட்டுக்குள் போய்விட்டது.

மறு ஜூனில் மஞ்சக்குப்பம் பெண்கள் கல்லூரி.
மாடியில் ஆய்வகம். மின்விசிறி போட்டால்
பர்னர் அணைந்துவிடும்.
என்னையும் கூட்டிக்கொண்டார், சம்பளம் குறைவு.
பியூரெட் அளவு மூன்று முறையும்
பத்து, பத்து, பத்து என்று
அழகாய் எழுதி வருவார்கள் பிள்ளைகள்.
"மூன்றும் ஒன்றாக வந்தால்
நீ அளக்கவில்லை, ஆசைப்பட்டிருக்கிறாய்."
"விடைக்குப் பக்கத்தில் உன் சந்தேகத்தையும் எழுது.
கூட்டல் கழித்தல் போடாத எண் வதந்தி."
ஜுலைகா மட்டும், முதுநகரிலிருந்து
பஸ் ஏறி வருகிற குள்ளப் பெண்,
அளவு கண்ணுக்கு நேராய் வரும்வரை
ஸ்டூலின் மேல் நிற்பாள்.

தேர்தலில் நிற்கச் சொன்னார்கள்.
மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.
நாலாம் நாள், "கரைவேட்டி கட்டுவியா, ஞானமுத்து?"
"கறையை எடுத்துத்தான் எனக்குப் பழக்கம்" என்றேன்.
அதற்குச் சிரித்தவர் அப்புறம்
ஆறு வாரம் சிரிக்கவில்லை.
மேடையில் "ஏறத்தாழ" என்பார்,
"இதுவரை தெரிந்த அளவில்" என்பார்.
வட்டச் செயலாளர் தணிகைவேலு
கீழேயிருந்து கையால் வெட்டுவார்.
இருநூற்றுப் பதினொரு வாக்கில் ஜெயித்தோம்.
எண்ணுகிற இடத்தில் அதிகாரியிடம்
"பிழை எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கோப்பு, கையெழுத்து, காத்திருப்பு.
ஆழ்துளைக் கிணறு. மேல்நிலைத் தொட்டி.
செல்லாயி தெருவுக்குப் பித்தளைக் குழாய்.
கல்வெட்டில் பெயர் சின்ன எழுத்தில்,
அமைச்சர் பெயருக்கு ரொம்பக் கீழே.

திறப்புக்கு முந்தின ராத்திரி ஜுலைகா வந்தாள்.
இப்போது அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில்.
மழைக்கோட்டைக் கழற்றாமலே தாளை நீட்டினாள்.
நைட்ரேட் நாற்பத்தேழு,
கூட்டல் கழித்தல் மூன்று.
எல்லை நாற்பத்தைந்து.

தணிகைவேலு கணக்கில் புலி.
"கழிச்சா நாப்பத்துநாலு. கழிச்சுடுங்க மேடம்.
நீங்க சொல்லிக்குடுத்த கழித்தல்தானே."
ஜுலைகா ஒன்றும் சொல்லவில்லை.
டீச்சரின் முகத்தை
கண்ணுக்கு நேராய் வைத்துப் பார்த்தாள்.
டீ ஆறி ஆடை படிந்தது.
யாரும் குடிக்கவில்லை.

காலையில் பந்தல், நாதஸ்வரம், வாழைமரம்.
ரிப்பனை வெட்டியதும் மைக்கை வாங்கினார்.
"கைக்குழந்தைக்குப் பால் கலக்க
இந்தத் தண்ணி வேண்டாம்.
எல்லையைத் தாண்டியிருக்கா, எனக்கு
நிச்சயமாத் தெரியல. மறுபடி அளக்கறோம்.
அதுவரைக்கும் பச்சைப்புள்ளை இருக்கிற வீட்டுக்கு
லாரி வரும்."
மைக் அதற்குமேல் வேலை செய்யவில்லை.
தணிகைவேலு காரில் ஏறிக் கதவை அறைந்தார்.
நாதஸ்வரக்காரருக்கு
வாசிக்கலாமா வேண்டாமா என்று புரியவில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள் செல்லாயி,
தலை நரைத்து, அதே குடத்தோடு.
"பாத்திரம் கழுவலாம்ல?"
"கழுவலாம்."
ஒரே சொல். கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை.

குடம் நிறையட்டும் என்று நின்று
அவளுக்கு அடுத்து என் புட்டியை நீட்டினேன்.
அதே தண்ணீரில் மூன்று தரம் அலசி
நான்காவது தரம் பிடித்தேன்.
தேதி எழுதினேன்.
கிணற்றுக்கு என்ன எண் போடுவது என்று
அவரைப் பார்த்தேன்.
"செல்லாயி தெரு" என்றார்.