எண்பத்தேழா, தொண்ணூற்றிரண்டா

பாயலாவில் வெளியே மைனஸ் முப்பத்துநான்கு.
அடுப்பில், பால் காய்ச்சும் சட்டித் தண்ணீருக்குள்
மூன்று தெர்மோஸ்டாட்டுகளைத்
தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
அடியைத் தொடக்கூடாது.
தொட்டால் சட்டியின் சூட்டைச் சொல்லும்,
தண்ணீரின் சூட்டைச் சொல்லாது.
மேசைமேல் காலை நீட்டிக்கொண்டு தௌனோ
"இன்றைக்கு என்ன சூப்?" என்கிறான்.

ஒன்று, இன்று மாலை வோல்வோவிலிருந்து கழற்றியது.
வண்டியை எனக்கு விற்ற ஹில்டிங்
பத்து வருடம் அதை ஸ்பெயின் வெயிலில் ஓட்டியவர்.
"எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஆயுள் கூடும்" என்று
சாவியோடு ஒரு தத்துவத்தையும் தந்தார்.
அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அக்டோபரிலிருந்து நான் ஓட்டுவது அந்தத் தத்துவத்தைத்தான்.
நூற்று நாற்பத்துமூன்று தபால் பெட்டிகள்.
நிற்க வேண்டும், கண்ணாடியை இறக்க வேண்டும்,
பக்கத்து இருக்கைமேல் படுக்காத குறையாய்ச் சாய்ந்து
மின்கட்டண ரசீதையோ இரங்கல் அட்டையையோ
உறைந்த வாய்க்குள் திணிக்க வேண்டும்.
சூட்டு முள் முதல் கோட்டில் சோம்பிக் கிடக்கும்.
ஹீட்டர் அரைமனதாய் ஊதும்.
கண்ணாடியின் உட்புறப் பனியை
நூலக அட்டையால் சுரண்டுவேன்.
எண்ணெய் மூடியைத் திறந்தால்
உள்ளே பாலாடை.
பெட்ரோலை மட்டும் மிச்சமில்லாமல் குடித்தது.

உதிரிபாகக் கடையில் மாய்-லிஸ்
இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தாள்.
"எண்பத்தேழு. தொண்ணூற்றிரண்டு.
ஒரே விலை. எது?"
பின்னால் ஒருவர் இருமிக்கொண்டு நின்றார்.
இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

தௌனோ பனி ஏரியில் பந்தயம் விடுகிறவன்.
அவனுடையது எழுபத்தொன்றிலேயே திறக்கும்.
"கொதித்தால் ஹெட் வளையும்" என்கிறான்.
அவன் வண்டி பதினோரு நிமிடம் முழு மூச்சில் ஓடும்.
என் வண்டி
பதினோரு நிமிடம் சேர்ந்தாற்போல் ஓடியதே இல்லை.

பித்தளைக் குப்பிக்குள் ஒரு சிட்டிகை மெழுகு.
உருகினால் உப்பும்,
உப்பினால் ஊசியைத் தள்ளும்,
ஊசி தள்ளினால் கதவு.
அவ்வளவுதான் சங்கதி. ஒரே உலை என்றாலும்
ஒன்றின் பதம் இன்னொன்றுக்கு ஆகாது.

தண்ணீர் இன்னும் வெதுவெதுப்புக்கூட ஆகவில்லை.
பழையதின் உதடு பிரிந்திருந்தது.
பிரியவில்லை,
பிரிந்தே இருந்திருக்கிறது.
தௌனோ காலை இறக்கினான்.
முள்கரண்டியால் தூக்கி விளக்கில் காட்டினான்.
நடுவே ஒரு துரு மணல்,
எள்ளைவிடச் சின்னது.
வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்ததும்
விளிம்பில் எண் தெரிந்தது:
தொண்ணூற்றிரண்டு.

பத்து வருடம்.
அந்த மணலைத்தான் ஹில்டிங்
கொள்கை என்று நினைத்திருந்தார்.
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.
நான்கு மாதம் நானும் அதை நம்பித்தானே
இரண்டு ஜோடி கையுறை போட்டேன்.

மணலை எடுத்துவிட்டு மறுபடி போட்டோம்.
எண்பத்தேழு சொன்ன சொல் தவறாமல் திறந்தது.
பழையது தொண்ணூற்றிரண்டில்.
புதியது கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொண்ணூற்று நான்கில்.
"அணைத்துவிடு" என்றான் தௌனோ,
"திறப்பதைப் பார்த்தாயே, மூடுவதைப் பார்."
தண்ணீர் ஆறியது. புதியவை இரண்டும் வாயை மூடின.
பழையதின் ஸ்பிரிங் முக்கால்வாசியில் களைத்து நின்றது.

தொண்ணூற்று நான்கில் திறக்கும் தொண்ணூற்றிரண்டைப் பொருத்தினேன்.
எண்பத்தேழு கத்தரிக்கோல் இழுப்பறையில்,
ஜூலைக்கும், கேரவன் இழுக்கும் மேட்டுக்கும்.

காலையில் முள் ஏறியது.
நடுவில் நின்றது.
கண்ணாடியின் அடியிலிருந்து
இரண்டு விசிறி வடிவில் சாலை தெரிய ஆரம்பித்தது.
முப்பதாவது பெட்டியில் மேல் கையுறையைக் கழற்றினேன்.
நாற்பத்தாறில் அடுத்ததை.

எண்பத்தெட்டாவது பெட்டியருகே ஹில்டிங்,
பனி வாரும் மண்வெட்டியோடு.
ஜன்னல் வழியே வந்த வெப்பம் அவர் முகத்தில் பட்டிருக்கும்.
"வண்டி குளிர்ச்சியாய் ஓடுகிறதா?"
"ஓடுகிறது" என்று
அவருடைய கடிதங்களைக் கொடுத்துவிட்டுக்
கண்ணாடியை ஏற்றினேன்.