கேட் போட்ட நேரம்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டார்கள்.
எண்ணெய் டேங்கர் வண்டி.
முப்பத்தெட்டு வரை எண்ணி விட்டுவிட்டேன்.
பக்கத்தில் புதினாக் கட்டோடு ஒருத்தி
அந்தப் பக்கம் நிற்பவனிடம் எதையோ கத்துகிறாள்.
டேங்கருக்கும் டேங்கருக்கும் நடுவிலுள்ள சந்தில்
பாதிப் பாதியாகச் சொல் போய்ச் சேருகிறது.

என் பையில் நேற்றைய கிராஃப்.
ஆர்என்ஏவைப் பிரதி எடுக்கும் என்சைம்
போடாமலே வைத்த குழாய்,
சும்மா கிடக்க வேண்டிய குழாய்,
இருபத்தேழாம் சுழற்சியில் பச்சையாக எழுந்து நின்றது.

முகத்துவாரக் குப்பத்துத் தேசப்பன்
சாம்பல் படிந்த கழிமுகத்தில் பிடித்துக் கொடுத்த மடவை.
செவுளை அறுத்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து
மாவாய் அரைத்து நான் கேட்டது ஒன்றுதான்:
உலோகத்தைக் கட்டிப்போடும் அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லி
இன்று உத்தரவு வந்ததா?
வந்ததென்றால் எத்தனை?

பதில் சொன்னது டிஎன்ஏ.
அதற்கென்ன தெரியும்!
சாம்பல் தண்ணீரிலும் சுத்தத் தண்ணீரிலும்
அதே எழுத்து, அதே வரிசை.
வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று
மூலப்பத்திரத்தைக் கேட்டால்
அது சர்வே நம்பரைத்தான் சொல்லும்.

"இன்னொரு வாட்டி டிஎன்ஏஸ் போடேன்" என்றாள் நூருன்னிசா.
போட்டேன்.
முப்பத்தொன்றுக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.
சோப்பு போட்டுக் கழுவிய கையில்
கவிச்சி மிஞ்சுகிற மாதிரி.

ப்ரைமர் இரண்டையும் ஒரே எக்ஸானுக்குள் வைத்தது யார்?
நான்தான்.
வெள்ளிக்கிழமை, மணி ஆறு, பீச் லோக்கலுக்கு ஓட வேண்டும்.
மென்பொருள் முதலில் காட்டிய ஜோடியை
அப்படியே ஆர்டர் போட்டேன்.

வண்டி இன்னும் போகிறது.
மரபணுவிலும் இதே கதை:
இந்தக் கரை, நடுவே நீளமாய் ஓர் இன்ட்ரான், அந்தக் கரை.
ஆர்என்ஏ பக்குவமாகி வெளியே வரும்போது
வண்டியை மொத்தமாக வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.
புதினாக்காரியும் அவனும் தோளோடு தோள்.
அந்தத் தையலின் மேல் கால் வைக்க வேண்டும்.
டிஎன்ஏவில் அந்தத் தையலே கிடையாது.

கேட்டில் நின்றபடியே
கிராஃபின் பின்பக்கம் எழுதினேன்.
இருபத்தோரு எழுத்து.
பதினாறு இந்தப் பக்கம், முனையில் ஐந்து அந்தப் பக்கம்.
முனையில் ஒன்றிரண்டு மட்டும் தாண்டினால்
இந்தக் கரையே போதுமென்று நீண்டுவிடும்.
நிறையத் தாண்டினால்
அந்தக் கரையை மட்டும் பிடித்துத் தொங்கும்.
ஐந்து.
பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள், கேட் எப்போதோ தூக்கியாயிற்று.

அதோடு விட்டதா?
ஒப்பிடுவதற்கு வைத்த ஆக்டினுக்கு
ஜீனோமில் ஒரு போலி இருந்தது.
என்றைக்கோ ஓர் ஆர்என்ஏ வழிதவறித் திரும்பி வந்து
டிஎன்ஏவாய் மாறி, பட்டா இல்லாமல் குடியேறியிருக்கிறது.
வண்டி ஓடாத தண்டவாளம்; தையல் மட்டும் அச்சாக அப்படியே.
என் தந்திரம் அங்கே பலிக்காது.
ஆக்டினை விட்டு வேறொன்றைத் தேட இரண்டு வாரம்.

பிறகு ஒரு செவ்வாய்.
என்சைம் போடாத குழாய்
நாற்பது சுழற்சியும் தரையோடு தரையாய்ப் படுத்துக் கிடந்தது.
ஒன்றுமே நடக்காததற்கு
நூருன்னிசா பிரியாணி வாங்கித் தந்தாள்.
பக்கத்துக் குழாய் இருபத்துநான்கில் ஏறியது.
இது மடவையின் சொந்தக் குரல்.

தேசப்பன் போன் பண்ணினார்.
"மீனு இன்னாம்மா சொல்லுச்சு?"
சொன்னேன், என்னால் முடிந்த தமிழில்.
உடம்புக்குள் உத்தரவு மேல் உத்தரவு, அண்ணே,
வந்த உலோகத்தைப் பிடி, பிடி என்று.
கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் மட்டும்.
"அப்போ துன்னலாமா, வாணாமா?"

அது வேற டெஸ்ட் என்றேன்.
அந்த மெஷின் எங்களிடம் இல்லை என்பதை
சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.