தொண்ணூற்று நான்கு விநாடி

சூரமங்கலத்தில் மூன்றாம் மாடி.
ஜன்னலை அடைத்துத்தான் ஏசி வைத்தார்கள்.
ஆகவே எனக்கு ஏற்காடு தெரியாது,
அதன் மேசைகள் மட்டும் தெரியும்.
மரமும் இல்லாத, காலும் இல்லாத
இருநூற்றுப் பதினாறு மேசைகள்.
காலை எட்டரைக்கு என் சர்வரில் முளைத்து
மாலை ஆறுக்கு உதிரும்.
அவற்றுக்குக் காவல் நான்.
சிபியு முப்பத்தெட்டு சதம், நினைவகம் அறுபது,
எல்லாம் பச்சை.

நல்ல காவல் என்று சொல்ல முடியாது.
ஓர் இரவுக்கு நானூறு எச்சரிக்கை மெயில்.
முதல் வாரம் நானூறையும் படித்தேன்.
மூன்றாம் வாரம் ஒரு ஃபோல்டர் திறந்து
அத்தனையும் அதற்குள் விழச் செய்தேன்.
ஓயாமல் குரைக்கிற நாய்க்கு
யார் எழுந்து விளக்குப் போடுவார்கள்?

செலஸ்டினா கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை.
மலைமேல் ஆஸ்பத்திரி, பில் போடுகிற இடம்.
"சார் யாரும் இல்லையா?"
"நான்தான் பார்க்கிறேன், சொல்லுங்க."
"அ-ன்னு அடிச்சா
ஒரு மூச்சு விட்டப்புறம்தாங்க அ வருது."
பார்த்தேன். பச்சை.
"இங்கே எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.
அந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்,
எந்தக் கருவியும் எண்ணி வைக்கவில்லை.
அவர் கோபப்படவில்லை.
"அங்கே சரியாத்தான் இருக்கும்,
நான் இங்கே இருக்கேன்."

புதன்கிழமை முதல் பஸ்.
அடிவாரத்தில் டிரைவர் டீ குடித்தார்.
பிறகு கொண்டை ஊசி வளைவுகள்,
ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை.
பதினோராவதில் பின் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது.
பலகை வளைவைத்தான் சொல்கிறது,
வயிற்றைச் சொல்வதில்லை.

எட்டரை.
நர்சுகள், லேப், மருந்தகம், பில்
எல்லாரும் ஒரே நேரத்தில் கடவுச்சொல்லைத் தட்ட,
செலஸ்டினாவின் திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.
அவர் எழுந்தார்.
தண்ணீர் பாட்டிலை நிரப்பினார்.
டோக்கன் டப்பாவை நேராக்கினார்.
வரிசையில் இருந்த கிழவரிடம் காய்ச்சல் விசாரித்தார்.
உட்கார்ந்தபோது திரை விடிந்தது.
என் போனில் தொண்ணூற்று நான்கு விநாடி.
"இன்னிக்குப் பரவாயில்லீங்க."

கீபோர்டுக்கு அடியில் மருந்துக் கம்பெனி டைரி ஒன்று.
*8.31 லேட். டாக்டர் ரூமிலும் லேட்.
மாசக் கடைசி, ரொம்ப.
பனி அதிகம், ஆனால் ஸ்பீடு. அப்போ பனி காரணம் இல்லை.
ஸ்கேன் ரூம் படம் அனுப்பும்போது உறையுது. மூணு தடவை பாத்தாச்சு.*
ஏழு மாதம்.
சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்யாததை
பேனாவால் செய்து வைத்திருந்தார்.

மிச்சத்தை நான் தேடினேன்.
கோப்புகள் இருக்கும் பழைய பெட்டி மலையிலேயே இருந்தது.
அதில் மருந்தக அந்தோணியின் தங்கை கல்யாணம்,
ஆறு ஜிபி வீடியோ.
அவர் உள்ளே நுழையும்போதெல்லாம்
மொத்தக் கல்யாணமும், மேளம் பந்தி உட்பட,
மலையிறங்கி சேலம் வந்து
மாலையில் திரும்ப ஏறியிருக்கிறது.

ஃபோல்டரை அழித்தேன்.
நானூறில் ஒன்பதை வைத்துக்கொண்டேன்,
தூக்கத்தைக் கலைத்தால் நியாயம் உள்ள ஒன்பது.
எட்டு இருபதுக்கே ஒரு பொய் ஆள்
தானாக உள்ளே போய்
அ அடித்து, அ வரும்வரை எண்ணுவான்.
எத்தனை எண்ணினால் சிவப்பு என்பதை
டைரியைப் பார்த்துத்தான் எழுதினேன்.
ஸ்கேன் ரூமோடு இன்னும் சண்டை நடக்கிறது.

நேற்று எட்டு நாற்பதுக்கு ஒன்பதில் ஒன்று ஒலித்தது.
மலையில் அத்தனை பேரும் ஒரே நொடியில் அறுந்திருந்தார்கள்.
அவர் கூப்பிடுமுன் நான் கூப்பிட்டேன்.
"கரண்ட் போச்சுங்க, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிருக்காங்க.
சடைச்சின்னு ஒரு பாட்டி, பேரைப் பாதி அடிச்சேன்.
அது போயிருச்சா?"

போகவில்லை.
அங்கே இருட்டு,
இங்கே அவருடைய மேசை விரித்தபடியே இருந்தது,
'சடை' என்ற இரண்டெழுத்துக்குப் பக்கத்தில்
கர்சர் துடித்துக்கொண்டு.
பதினைந்து நிமிடத்தில் மூடிவிடு என்பது விதி.
அதை ஒரு மணி நேரமாக மாற்றினேன்.